லாயாங்-லாயாங்

மலாயில் காற்றாடி என்று பொருள்
இந்த ஊரின் பெயருக்கு.
ஒரு கடைத்தெரு, ஒரு ரயில் தடம்,
பிறகு எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை.
பறக்கிற சங்கதி இங்கே
பெயர்ப்பலகையோடு சரி.

எடைமேடை சோதிக்க வந்தவள் நான்.
பினாங்கிலிருந்து காலை முதல் விமானம்,
மாலை ஆறு பத்துக்குத் திரும்ப வேண்டும்.
லாரி ஏறும் அந்த மேடையில்
இருபது கிலோ இரும்புக் கட்டிகளை அடுக்கி, இறக்கி,
மறுபடி அடுக்கி,
மூன்று மணிக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன்.
டாக்சி குணாளன் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

அப்போதுதான் முதல் செய்தி.
ஏழு இருபத்தைந்து.
சரி, ஒரு தே தாரேக் குடிக்கலாம்.

எட்டு ஐம்பது.
செயல்பாட்டுக் காரணங்களால், என்று இருந்தது.
நாலு தரம் படித்தேன்.
செயல்படாததற்குக் காரணம் செயல்பாடாம்.
குணாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.
மகளை டியூஷனில் விட வேண்டும் என்று போய்விட்டார்.

பத்து நாற்பது.
இந்தத் தடவை கூடவே ஒரு பரிசு:
பதினைந்து ரிங்கிட் உணவுச் சீட்டு,
விமான நிலையத்துக்குள் மட்டும் செல்லும்.
நான் இருப்பது புஷ்பவதி கடை வாசலில்,
மீ கோரேங் தட்டுக்கு மேல் ஈ ஓட்டிக்கொண்டு.

கூப்பிட்டுப் பார்த்தேன்.
என் அழைப்பு அவர்களுக்கு முக்கியம்,
மலாயில், ஆங்கிலத்தில், சீனத்தில்.
தமிழில் அவ்வளவாக முக்கியமில்லை போலும்.
இசை நன்றாகத்தான் இருந்தது,
இருபத்திரண்டு நிமிடத்துக்கு.

நாளை ஒன்பது மணிக்குக் கூட்டம், முடியுமா? கேட்கிறார் மேலாளர் தியோ.
கட்டைவிரலை அனுப்பினேன்.
சோறு வைக்கவா வேண்டாமா?
ஐந்தாம் முறையாகக் கேட்கிறார் சத்தியசீலன்.
நானும் விமானக் கம்பெனி மாதிரியே பதில் போட்டேன்:
விரைவில் தெரிவிக்கப்படும்.

மழை பிடித்தது. ஆலைக்கே திரும்பி நடந்தேன்,
அங்கே விளக்கும் கழிப்பறையும் உண்டு.
எடைக் கிராணி லோகநாயகி
இன்னும் ஒரு லாரிக்காகக் காத்திருந்தாள்.
வெட்டிய குலை ஒரு நாளைத் தாண்டினால்
அமிலம் ஏறிவிடும் அக்கா, விலை போச்சு, என்றாள்.
எனக்கு எவ்வளவு ஏறியிருக்கும் என்று
யாரும் மாதிரி எடுக்கவில்லை.

லாரி வந்தது.
சுகெங் இறங்கி ஜன்னலுக்கு முன்னால் நின்றான்,
தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட.
லோகநாயகி கத்தினாள்.
அவன் சொன்னான்:
பின் டயர் வெடித்தது.
ஜாக் வழுக்கியது.
பாலத்துக்கு மேல் தண்ணீர், ஒரு மணி நேரம் நின்றேன்.
மன்னிச்சிரு.
உள்ளங்கையை விரித்துக் காட்டினான், கிரீஸும் ஒரு கீறலும்.

அவ்வளவுதான்.
அவள் கோபம் அங்கேயே நின்றுவிட்டது,
பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

யாராவது ஒருவர்
என் எதிரில் வந்து நின்று
டயர் என்று சொல்லியிருந்தால் போதும்.
பொய்யாகக்கூடச் சொல்லியிருக்கலாம்.

ஒன்பது பன்னிரண்டுக்குக் கைப்பேசி அதிர்ந்தது.
நாளை காலை ஆறு ஐம்பத்தைந்து.
காரணம் போடும் இடத்தில்
இப்போது காரணமே இல்லை.

சுகெங்கின் லாரி நகர்ந்த பிறகு
ஈர மேடையில் ஏறி நின்றேன்,
பையைக் கீழே வைத்துவிட்டு.
ஜன்னலுக்குள் சிவப்பு எண்: அறுபது.
நான் ஐம்பத்தெட்டு.
பத்துப் பத்தாகத்தான் எண்ணும் இந்த மேடை,
இரண்டு கிலோவெல்லாம் அதற்கு ஒரு பிழையா?
இன்று மதியம் நானே ஒப்புக்கொண்டதுதான்.

லோகநாயகி சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினாள்.
சீட்டு கரகரவென்று வந்தது.
வாகன எண்: அக்கா.
சரக்கு: ஒரு கோடு.
உள்ளே வந்த நேரம்: 21:14.
வெளியேறிய நேரம்: